வெட்டு மெசின் ஜவுபரும் கையில் ஒட்டிய மீட்டரும்

சாய்ந்தமருதில் ஜவுபர் என்ற பெயரில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். நெல் அறுக்கும் மெசின் ஓட்டுகிற வெட்டு மெசின் ஜவுபர் என்றால் ஒருவன்தான். கரைவாகு வயல் வட்டையில் வேளாமை விளைந்து கிடக்கும் காலத்தில் அவனுடைய சத்தம் கேட்காத வரம்பு கிடையாது. மெசினும் கத்தும், அவனும் கத்துவான். ஈர வயல் கண்டத்தில் செயின் புதையாமல் மெசினைத் திருப்பி எடுக்கவும், காற்றுக்குச் சாய்ந்து கிடக்கும் கதிரைக் கொட்டாமல் அள்ளவும் அவனை விட்டால் ஆள் இல்லை என்று வயல்காரப் போடிமார் சொல்வார்கள். யாரும் சொல்லாத நாளில் அவனே சொல்லிக்கொள்வான்.

அப்பேர்ப்பட்டவன் போன கோடைப் போகத்தில் முதலாளி சரீப் ஹாஜியாரின் மெசினைக் கொண்டுபோய் வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டான்.

நடந்தது இதுதான். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவனுக்கு வந்து கன காலம். குளிசை மாத்திரைக்கு அடங்காமல் கிளினிக்கில் இன்சுலின் ஊசிக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அன்றைக்குக் காலையில் ஊசியைப் போட்டவன், வெட்டுக்குப் பிந்திவிட்டது என்று சாப்பிடாமல் வட்டைக்கு ஓடினான். மெசின் பிந்தி இறங்கினால் ஹாஜியாரின் வாய்க்கு யார் பதில் சொல்வது? வெயில் ஏறிய நேரத்தில் உடம்பு குப்பென்று வியர்த்தது, கை நடுங்கியது. வெயில்தான் என்று நினைத்தான். அதற்குப் பிறகு அவன் ஒன்றையும் நினைக்கவில்லை. மெசின் வரம்பை ஏறிக் கடந்து வாய்க்காலில் மூக்குக் குத்தி நின்றது. இவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சேலைன் ஏறிய பிறகுதான் தான் யார், எங்கே கிடக்கிறோம் என்பது பிடிபட்டது.

சீனி மட்டுமீறி இறங்கிவிட்டது, இறங்கத் தொடங்கின நேரமே இனிப்பு கொடுத்திருந்தால் இவ்வளவுக்கு வந்திருக்காது என்று டொக்டர் கூட வந்தவர்களிடம் சொன்னார். சீனி ஏறினால் வேறு வைத்தியம், அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். வந்தவர்கள் முதல் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டார்கள். இரண்டாவது பேச்சு நடக்கும்போது வாய்க்காலில் கிடக்கும் மெசினை எப்படி இழுப்பது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

மெசினை ஏற்றினார்கள், கழுவினார்கள், பழுது பார்த்தார்கள். ஜவுபரை மட்டும் ஏற்றவில்லை. ஹாஜியார் வேறு ட்ரைவர் பிடித்துக்கொண்டார். இவனைத் தன்னுடைய அரிசி ஆலைக்கு வரச் சொன்னார். நிழலில் இருந்து சாக்கு வாய் தைக்கலாம், நேரத்துக்குச் சாப்பிடலாம், வீட்டுக்கும் கிட்ட என்றார். அவர் இரக்கத்தில்தான் சொன்னார். ஜவுபருக்கு அது செருப்படி மாதிரி இருந்தது. மெசின் சீட்டில் இருபது வருசத்துக்கு மேல் இருந்தவனைச் சாக்குத் தைக்கச் சொல்வதா? முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்து வீட்டில் குந்தினான்.

ஊர் சும்மா இருக்குமா? தேத்தண்ணிக் கடைக்குப் போனால், வாய்க்கால் ஜவுபர் வந்திட்டான், மேசையைத் தள்ளி வையுங்கடா என்றார்கள். இவன் பதிலுக்கு அவர்களின் வாப்பா வரைக்கும் இழுத்து ஏசினான். சிரித்தவர்களில் பாதிப் பேருக்குச் சீனி இருக்கிறது. கிளினிக் நாளில் முகத்தைத் தொப்பியால் மறைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள்தான். ஜவுபர் மறைக்கவில்லை. எனக்குச் சீனிதான், அதுக்கு இப்ப என்ன என்று சந்தியில் நின்று கேட்பான்.

அவனுடைய மனைவி றபீக்கா வேறு ரகம். வீட்டில் அபாயா தைத்து, போனிலேயே படம் அனுப்பி, போனிலேயே ஓடர் எடுக்கிறவள். போனில் அவளுக்குத் தெரியாத மூலை இல்லை. கையில் ஒட்டிவிட்டால் நாள் முழுக்கச் சீனியைக் காட்டிக்கொண்டிருக்கும் சென்சர் ஒன்று இருக்கிறது என்று எங்கேயோ பார்த்தாள். பார்த்ததை உடனே நம்பவில்லை. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸியிடம் போய்க் கேட்டாள். நல்ல சாமான்தான், இங்கே எடுப்பது கஷ்டம் என்று மிஸ்ஸி சொன்னதும் கட்டாரில் இருக்கும் தம்பி ஸஜாத்துக்குச் சொல்லி அனுப்ப வைத்தாள். வட்டப் பொத்தான் மாதிரி ஒரு சாமான் வந்து சேர்ந்தது.

ஜவுபர் கையைக் கொடுக்கவில்லை. மாட்டுக்குக் குறி சுடுவது போல எனக்கும் ஒன்றா என்று கேட்டான். றபீக்கா தையல் மெசினை நிறுத்திவிட்டு எழும்பி வந்தாள்.

"இஞ்சாருங்க. அந்த வெட்டு மெசின்ல எத்தின மீட்டர் இரிக்கி?"

"ஒயிலுக்கு ஒண்டு, சூட்டுக்கு ஒண்டு, டீசலுக்கு ஒண்டு. ஏன்?"

"மீட்டர் எல்லாத்தயும் புடுங்கி வெச்சிட்டு மெசின ஓட்டச் சொன்னா ஓட்டுவீங்களா?"

"விசரா எனக்கு?"

"அப்ப இந்த ஒடம்ப மட்டும் மீட்டர் இல்லாம ஓட்டுறீங்களே, அது என்ன?"

ஜவுபர் சேட்டுக் கையை மடக்கிவிட்டுத் திரும்பி நின்றான். அவள் ஒட்டினாள். எறும்பு கடித்த அளவுக்குக்கூட நோகவில்லை. அதை அவன் இன்றுவரைக்கும் அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஆள் போனைக் கீழே வைக்கவில்லை. போனில் ஒரு கோடு ஏறி இறங்கி ஓடும், பக்கத்தில் ஒரு அம்புக்குறி நிற்கும். அம்பு மேலே பார்த்தால் சீனி ஏறுகிறது, கீழே பார்த்தால் இறங்குகிறது. பிட்டும் வாழைப்பழமும் தின்றால் கோடு தென்னை மரம் ஏறியது. மீனும் கீரையும் கூட வைத்து, சோற்றைக் குறைத்தால் வரம்பு மாதிரி மட்டமாகப் போனது. விறகு கொத்தினால் விழுந்தது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பிந்தவிட்டால் கிணற்றுக்குள் வாளி போவது மாதிரிப் போனது. அம்பு கீழே பார்க்கும் நேரங்களில் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று கவனித்தான். முதலில் வாய் உலர்ந்தது. பிறகு காரணம் இல்லாமல் கோபம் வந்தது. காரணம் இல்லாமல் கோபம் வருவது உங்களுக்கு எப்பவும் உள்ளதுதானே என்றாள் றபீக்கா.

அடுத்த கிளினிக்குக்குப் போனையும் கொண்டுபோனான். டொக்டர் போனில் ஓடும் கோட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். காலை ஊசியைக் கொஞ்சம் குறைத்தார். வயலுக்குப் போகும் நாளில் எப்போது சாப்பிட வேண்டும், எந்த இலக்கத்தில் வேலையை நிறுத்த வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். அம்பு நேராகக் கீழே விழுந்தால் அலாரம் அடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது, அந்தச் சாமான் இரத்தத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் காட்டும் என்றார். மெசின் ஓட்டலாமா என்று ஜவுபர் கேட்டான். இதைப் பார்த்து, சொன்னபடி நடந்தால் ஓட்டலாம் என்றார்.

மாரிப் போக வெட்டுத் தொடங்கும் கையோடு ஜவுபர் ஹாஜியாரின் வீட்டு வாசலில் போய் நின்றான். கையைச் சுருட்டிச் சென்சரைக் காட்டினான், போனைக் காட்டினான், டொக்டர் சொன்னதைச் சொன்னான். ஹாஜியார் ஒரு பக்கமாகச் சிரித்தார். அப்போ மெசினைப் போன் ஓட்டுமா, நீ ஓட்டுவாயா என்று கேட்டார். ஜவுபர் சிரிக்கவில்லை.

"ஹாஜியார், அண்டைக்கு என்ன வாய்க்காலுக்க தள்ளினது சீனி இல்ல. சீனி எறங்கினது எனக்குத் தெரியாமப் போச்சே, அதுதான் தள்ளினது. இப்ப எனக்குத் தெரியும். ஒங்கட புது ட்ரைவருக்கு அவன்ட ஒடம்புல என்ன ஓடுதெண்டு தெரியுமா? கேட்டுப் பாருங்க."

புது ட்ரைவர் ஈரக் கண்டத்தில் மெசினைப் புதைத்துவிட்டு ட்ரக்டர் தேடிக்கொண்டிருந்தான். அது ஹாஜியாருக்குத் தெரியாத விசயம் அல்ல. கடைசியில் ஒரு நாள் தருகிறேன் என்றார். காரைதீவுத் தங்கராசா போடியாரின் வயல். தானும் வரம்பில் இருப்பார். சீனி அலாரம் தன்னுடைய போனிலும் அடிக்க வேண்டும். கை நடுங்குவதைக் கண்டால் அன்றோடு மெசின் சீட்டை ஜவுபர் மறந்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஜவுபர் ஓம் என்றான். றபீக்கா ஹாஜியாரின் போனை வாங்கி அலாரத்தை அதில் இணைத்துக் கொடுத்தாள். எந்தச் சத்தம் எதற்கு என்று அவள் சொல்லும்போது ஹாஜியார் ஓம் மகள், ஓம் மகள் என்று தலையாட்டினார். ஒன்றும் காதில் ஏறவில்லை.

வயலில் மெசின் இறங்கியபோது வரம்பில் கூட்டம். வேளாமை பார்க்க வந்தவர்களை விட ஜவுபர் விழுவதைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான். போனை மீட்டர்களுக்குப் பக்கத்தில் றப்பர் பட்டியால் கட்டினான். அம்பு மட்டமாக நின்றது. பிஸ்மி சொல்லிக் கட்டரை இறக்கினான்.

முதல் சுற்று முடிந்து மெசின் வந்து நின்றால் வயல்காரர் தன் கையால் ட்ரைவருக்குத் தேத்தண்ணி கொடுப்பார். அந்தப் பக்கத்து வழமை அது. கொடுக்கிற தேத்தண்ணியில் சீனி குறைந்தால் விளைச்சலும் குறையும் என்பது போல அள்ளிப் போடுவார்கள். தங்கராசா போடியார் பெரிய கோப்பையோடு வந்தார். ஜவுபர் ஒரு கணம் யோசித்தான். கொடுத்த கையைத் தட்டிவிட மனம் வரவில்லை. குடித்தான். அடுத்த வயல்காரர் தன் வயலையும் இன்றைக்கே வெட்டித் தரட்டும் என்ற நப்பாசையில் கலர் சோடா ஒன்றை உடைத்து நீட்டினார். அதையும் குடித்தான். அங்கேதான் பிழை.

கொஞ்ச நேரத்தில் ஹாஜியாரின் மடியில் இருந்த போன் வீறிட்டது. அவருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. சத்தம் மட்டும் போதுமாக இருந்தது. சீனி, சீனி கொண்டாங்கடா என்று எழும்பினார். வரம்பே எழும்பியது. ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மெசினுக்கு முன்னால் பாய்ந்து இரண்டு கையையும் விரித்து நின்றார். போடியார் இன்னொரு கோப்பைத் தேத்தண்ணியோடு ஏணியில் ஏறினார். யாரோ ஒருவர் சீனிப் பையோடு ஓடிவந்து சில்லறை போடுவது மாதிரிச் சீனியை ஜவுபரின் கையில் கொட்டினார். ஜவுபர் எஞ்சினை நிறுத்தினான்.

"குடி மனே, குடி. இன்னா, போன் அடிக்கிது," என்றார் ஹாஜியார் கீழே நின்று.

"குடிக்க மாட்டன்."

"டேய், மௌத்தாப் போவாய்."

"இது எறங்கின அலாரம் இல்ல, ஏறின அலாரம். நீங்களெல்லாம் ஊத்தினதுதான் ஏறியிருக்கி."

யாரும் நம்பவில்லை. சீனி இறங்கினால் ஆள் இப்படித்தான் பிடிவாதமாகக் கதைப்பான், டொக்டரே சொல்லியிருக்கிறார் என்று ஒருவர் விளக்கம் கொடுத்தார். இழுத்து இறக்குங்கள் என்றார் இன்னொருவர். ஹாஜியாரும் இறங்கு என்றார். ஜவுபர் சீட்டில் இன்னும் அழுத்தி உட்கார்ந்தான். கையில் இருந்த சீனியை உதறினான்.

"ஹாஜியார், மெசின்ல செவப்பு லைட்டு எரிஞ்சா எல்லாத்துக்கும் டீசலா ஊத்துவீங்க? எஞ்சின் சூடேறினாலும் டீசலா? போன எடுத்து அம்பப் பாருங்க. மேல பாக்குதா, கீழ பாக்குதா?"

அந்த நேரம் பார்த்து றபீக்கா அவனுடைய போனுக்கு அழைத்தாள். அவளுடைய போனிலும் அலாரம் அடித்திருந்தது. ஜவுபர் மெதுவாகக் கதைக்கலாம் என்று நினைத்தான், போன் பட்டிக்குள் கிடந்ததில் விரல் தவறி ஸ்பீக்கரில் பட்டுச் சத்தம் வெளியே போனது. என்ன குடித்தீங்க என்று அவள் கேட்டது வாய்க்கால் வரைக்கும் கேட்டது. ஒரு தேத்தண்ணி என்றான். வேறு என்றாள். ஒரு சோடா என்றான். அவனுக்கு யாரும் ஒன்றும் கொடுக்க வேண்டாம், வெறும் தண்ணி மட்டும் கொடுங்கள் என்று ஹாஜியாரிடம் சொல்லச் சொன்னாள். பிறகு, கண்டது கிடைத்ததையெல்லாம் குடிக்க நீங்க என்ன கல்யாண வீட்டுக்கா போனீங்க என்று கேட்டாள். வரம்பு முழுக்கச் சிரிப்பு. போடியார் கோப்பையோடு ஏணியில் பாதியில் நின்றார்.

ஜவுபருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இறங்கவில்லை. தண்ணீர் குடித்தான். இனி இந்த வயலில் தான் கேட்காமல் யாரும் ஒரு சொட்டும் தரக்கூடாது, வழமை என்றால் அந்த வழமையை ஹாஜியார் குடிக்கட்டும் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். எஞ்சினைப் போட்டான். சுற்றச் சுற்றக் கோடு மெல்லக் கீழே வந்து சேர்ந்தது.

பகல் சாய்ந்த நேரம் கடல் பக்கத்தில் வானம் கறுத்தது. வெட்டு முடியும் தறுவாயில் மழை வந்தால் வயல்காரனுக்கு உயிர் போகும். முடித்துவிட்டுச் சேர்ந்து சாப்பிடுவோம் என்றார் போடியார். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்று ஜவுபருக்குத் தெரியும். காலையில் பட்ட சிரிப்புக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற வீம்பு அவனுக்குள் இருந்தது. சரி என்று ஓட்டினான். அவன் உள்ளே போட்ட ஊசி அவன் வீம்பைக் கேட்டுக்கொண்டா வேலை செய்யும்?

கடைசிக் கண்டத்தில் ஒரு சுற்று மிச்சம். முதல் துளி மெசின் கண்ணாடியில் விழுந்தது. வாய் உலர்வது போல இருந்தது. ஜவுபர் போனைப் பார்த்தான். இலக்கம் இன்னும் நல்ல இலக்கம்தான், அலாரமும் அடிக்கவில்லை. அம்பு மட்டும் நேரே கீழே பார்த்துக்கொண்டு நின்றது.

கட்டரைத் தூக்கினான். மெசினை நிறுத்தினான். ஏணியைப் பிடித்து இறங்கி வந்து வரம்பில் உட்கார்ந்து, சேட்டுப் பையில் இருந்த குளுக்கோஸ் பக்கற்றைப் பல்லால் கிழித்தான்.

வயலே வெடித்தது. ஹாஜியார் ஓடிவந்தார். அலாரமே அடிக்கவில்லையே, காலையில் அடிக்கும்போது இறங்காதவன் இப்போது அடிக்காமல் இறங்குகிறானே, மழைக்குப் பயந்து என் மானத்தை வாங்குகிறானே என்று கத்தினார். காலையில் இறங்கச் சொன்ன அதே ஆட்கள் இப்போது ஏறச் சொன்னார்கள். போடியார் கிட்ட வந்து குனிந்தார். அண்ணன் முறை வைத்துக் கெஞ்சினார்.

"ஒரே ஒரு சுத்துத்தான் காக்கா. மழ கண்ணுக்கு முன்னால நிக்கிது. முடிச்சித் தந்திட்டு இரிங்க. ஒங்களக் கும்புடுறன்."

ஜவுபருக்கு மனம் இளகியது. ஒரு சுற்றுத்தானே. கையைப் பார்த்தான். நடுக்கம் இன்னும் வரவில்லை. போன முறையும் இப்படித்தான், வரவில்லை வரவில்லை என்று இருந்துதான் வந்தது.

"போடியார், ஒங்கட கதிர் நனஞ்சா வெயிலுக்குக் காயும். நான் வாய்க்காலுக்க போனா என்னக் காயப்போட ஏலா. இப்ப நான் ஏற மாட்டன். ஏறுற நேரம் நான் சொல்லுவன்."

"அப்ப நான் வேற ஆள ஏத்துறன்," என்றார் ஹாஜியார்.

"ஏத்துங்க. இந்த ஈரத்துல பொதைக்காம ஓட்டுறவன் இங்க யாரெண்டு எனக்கும் பாக்க ஆசதான்."

ஹாஜியார் சுற்றிப் பார்த்தார். ஒருவரும் முன்னுக்கு வரவில்லை. அப்போதுதான் அவருடைய கையில் இருந்த போன் வீறிட்டது. இந்த முறை அவர் சீனி என்று கத்தவில்லை. பக்கத்தில் நின்றவரின் கண்ணாடியைக் கழற்றி வாங்கித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு பார்த்தார். இறங்கிவிட்ட இலக்கம், அறுபத்தாறு. அம்பு கீழே. போனைப் பார்த்தார், வரம்பில் இருந்து குளுக்கோஸை மென்றுகொண்டிருந்தவனைப் பார்த்தார். வியர்வை அவன் நெற்றியில் இப்போதுதான் கட்டத் தொடங்கியிருந்தது. அந்தக் கணத்தில் இவன் சீட்டில் இருந்திருந்தால் மெசின் வாய்க்கால் பக்கத்து வரம்பில் போய்க்கொண்டிருக்கும். ஹாஜியார் தன் குடையை விரித்து அவனுடைய தலைக்கு மேலே பிடித்தார்.

மழை கொட்டியது. ஜவுபர் இலக்கம் ஏறும்வரை அசையவில்லை. ஏறியதும் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டான். கடைசிச் சுற்று அவனுக்கு முன்னால் நனைந்து சாய்ந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். கஷ்டமாகத்தான் இருந்தது, சாப்பிடாமல் விடவில்லை.

அந்தத் துண்டை வெயில் வந்த பிறகுதான் வெட்ட முடிந்தது, கொஞ்சம் கொட்டியும் போனது. தங்கராசா போடியார் கன நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சோறு தின்பதற்காக வேளாமையை மழையில் விட்டவன் என்று கடையில் புதுக் கதை கட்டினார்கள். ஓம், அப்படித்தான் என்றான் ஜவுபர். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. சாப்பாட்டைப் பிந்தவிட்டதற்காக றபீக்காவிடம் மட்டும் ஏச்சு வாங்கினான்.

ஹாஜியார் அடுத்த நாள் பின்னேரம்தான் அவனுக்குப் போன் பண்ணினார். நேற்றைய கதை எதையும் எடுக்கவில்லை. நிந்தவூர் வட்டையில் வெட்டு இருக்கிறது என்றார்.

"சுபஹு தொழுதிட்டு நேரத்தோட வந்திரு. சாப்பிட்டிட்டு வா, விளங்கிச்சா?"

"சாப்பாட்ட நான் பாத்துக்கிறன் ஹாஜியார். நீங்க மெசினப் பாருங்க. கட்டர்ல பல்லு ஒடஞ்சி கெடக்கு, ஒங்கட புது ட்ரைவர் ஒடச்சது. அத மாத்தாம நான் இறக்க மாட்டன்."

ஹாஜியார் எதையோ ஏசிவிட்டு வைத்துவிட்டார். ஜவுபர் சேட்டை மாட்டிக்கொண்டு ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டான். தான் ஓட்டும் மெசினுக்கு இன்னொருவன் பல் மாற்றினால் அவனுக்குப் பிடிக்காது.